தறி இருக்கும் வீட்டில் பனிக்காலம்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டதும் சந்தவாசல் நெசவாளர் வீட்டில் முதலில் இடம் மாறுவது துணிக்கொடி. வெயில் நாளில் கொல்லையில் காயும் துணியை மழை நாளில் கூடத்துக்குள் கொடி கட்டிப் போடுவது தமிழ்நாட்டில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். தறி இருக்கும் வீட்டில் அது முடியாது. கூடம் தறிக்கு உரியது. பிழிந்த சட்டையிலிருந்து ஒரு சொட்டு பாவின்மேல், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய இழைகளின்மேல், விழுந்தால் பட்டில் கறை நின்றுவிடும். சொட்டாவிட்டாலும் ஈரத்துணியின் ஆவி அந்த அறைக் காற்றில் ஏறும். ஆகவே பள்ளிச் சீருடையும் பாவாடையும் துண்டும் அடுப்படிக்குப் போகின்றன. மறுநாள் காலை பிள்ளை போட்டுக்கொண்டு போகும் சட்டையில் புகை வாசம் இருக்கும். சோறு வடிக்கும் இடத்துக்கு மேலே துணி தொங்குகிறதே என்று யாரும் குறைப்பட்டுக்கொள்வதில்லை. வீட்டில் மிச்சமிருக்கும் காய்ந்த இடம் அது ஒன்றுதான்.

இந்தக் கட்டுரையின் கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது. மழையும் பனியும் சேர்ந்த நான்கு மாதங்களில், தறியும் குடும்பமும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் வீட்டில், எது யாருக்காக இடம் மாறுகிறது? கைத்தறியைப் பற்றிய நம் எழுத்தில் பெரும்பகுதி சேலையைப் பற்றியது. மிச்சம் கூலியைப் பற்றியது. சேலை நெய்யப்படும் வீட்டில் மனிதர்கள் எப்படிப் பொழுதைக் கழிக்கிறார்கள், எங்கே படுக்கிறார்கள், என்ன விளையாடுகிறார்கள், எதைச் சமைக்கிறார்கள் என்பவை அதில் அரிதாகவே வருகின்றன. அந்தக் குறை எனக்குப் பெரிதாகவே படுகிறது. ஏனென்றால் அந்த வீடுதான் தொழிற்கூடம்.

சந்தவாசல் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் வட்டத்தில், போளூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகும் சாலையில் இருக்கிறது. ரேணுகாம்பாள் கோயிலுக்குப் பேர்போன படவேட்டுக்கு இங்கேதான் பிரிய வேண்டும். சம்புவராயர்கள் தலைநகராகக் கொண்டிருந்த ஊர் அந்தப் படவேடு. ஆடி வெள்ளிகளில் இந்தக் கூட்டுச்சாலையில் கால்வைக்க இடமிருக்காது. மார்கழியில் காலை எட்டு மணிக்கும் தேநீர்க்கடைப் பலகையில் இடம் கிடைக்கும். மேற்கே சவ்வாது மலை. மலையில் பெய்யும் மழை கமண்டல நாகநதியாக இறங்கி ஆரணிப் பக்கம் ஓடுகிறது. ஆரணிக்கு இரண்டு பெயர்கள் உண்டு: அரிசி ஆலைகளின் ஊர், பட்டின் ஊர். ஆனால் ஆரணிப் பட்டு ஆரணி நகரில் மட்டும் நெய்யப்படுவதில்லை. தேவிகாபுரம், ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு, முள்ளிப்பட்டு, சேவூர் என்று சுற்றிலும் பரவிய தெருக்களில்தான் தறிகள் இருக்கின்றன. சந்தவாசல் அந்த வட்டத்தின் மேற்கு ஓரம். மலையடி என்பதால் மழையும் சற்று முந்தும், பனியும் சற்றுக் கூடும்.

குளிர் வந்தால் வீடு எப்படி மாறுகிறது என்று பார்ப்பது தமிழுக்குப் புதிதில்லை. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை 188 அடிகள் கொண்டது. அதன் முற்பகுதியில் கூதிர்காலத்து வீட்டுப் பொருள்களின் நிலை மாற்றம் வருகிறது: வேனிலில் வீசிய விசிறி உறைக்குள் தொங்குகிறது, காற்று வர வைத்த பலகணி அடைபடுகிறது, குளிர்ந்த நீரை விட்டுத் தூபமூட்டிக்குப் பக்கத்தில் மக்கள் ஒதுங்குகிறார்கள். நக்கீரர் காட்டுவது செல்வர்கள் வாழும் நகரம். அங்கே பொருள்கள் மனிதரின் சுகத்துக்காக இடம் மாறுகின்றன. அதே பார்வையோடு நெசவாளர் வீட்டுக்குள் நுழைந்தால் வேறு ஒன்று தெரிகிறது. இங்கே இழைக்காக மனிதர்கள் இடம் மாறுகிறார்கள்.

பட்டு தண்ணீரை விரும்பி ஏற்கும் இழை. கையில் தொட்டால் ஈரமே தெரியாதபடி தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமான ஈரத்தைக்கூட அது உள்ளே வைத்துக்கொள்ளும். கச்சாப் பட்டை எடைபோட்டு விற்கையில் 11 சதவீத ஈரம் இயல்பானது என்று வணிக உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம் நாட்டுத் துணி ஆய்வுக்கூடங்களுக்கு வகுத்த நிலை 27 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும். கார்த்திகைக் காலைகளில் இந்தப் பக்கத்துக் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும். அப்போது இழை தளர்கிறது. பாவில் பக்கத்துப் பக்கத்து இழைகள் ஒட்டிக்கொள்கின்றன. கஞ்சி காய்வதில்லை. மிதியை மிதித்தால் பாவு சரியாகப் பிரியாமல், குறுக்கே ஓடும் நாடா இடறுகிறது. இரும்பு அச்சுப் பல்லில் துருவேறிவிட்டால் வெளிர்நிறப் பட்டில் அது கோடாக இறங்கும். ஜக்கார்டு பெட்டியில் கோத்த அட்டை ஈரத்தில் உப்பி, துளை ஊசிக்கு நேராக நிற்காமல் போகும். புட்டா என்னும் பூவேலையில் ஓர் இழை தப்பும். தப்பியது எங்கே என்று கண்டுபிடித்து, நெய்ததைப் பிரித்து, மறுபடி நெய்ய அரைநாள் போய்விடும். ஜரிகையில் இருக்கும் வெள்ளிக்கும் ஈரக்காற்றோடு புகை சேர்ந்தால் ஆகாது. அதனால்தான் அந்த நாட்களில் அடுப்புப் புகை கூடத்துக்கு வராமல் நடுக்கதவைச் சாத்தி வைக்கிறார்கள்.

ஈரத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வெளியில் இருப்பவர்களுக்கு அது எளிதில் புலப்படாது. முதலாளி பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுத் தருகிறார். நெய்த சேலையை எடை போட்டு வாங்குகிறார். அடைமழையில் வாங்கிய இழை, தை மாத வெயிலில் சேலையாகத் திரும்பும்போது எடை குறைந்திருப்பது இயற்கை. அரைக்கிலோ பட்டில் 5 சதவீத ஈரம் வற்றினால் 25 கிராம் காணாமல் போகும். நெய்தவர் ஒரு நூலும் எடுக்கவில்லை, காற்றுதான் எடுத்துக்கொண்டது. அனுபவமுள்ள முதலாளிக்கு இது தெரியும். தெரியாதவரிடம் வாதாடும் வேலை பனிக்காலத்துக்கென்றே இருக்கும் வேலைகளில் ஒன்று.

பிறகு குழி. குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிக்கிறார். கோடையில் இந்தக் குழி ஒரு வரம். மண்ணின் குளிர்ச்சியும் ஈரமும் பாவைக் காய்ந்து அறாமல் காக்கும். இந்த அமைப்பைக் கண்டுபிடித்தவர்களின் கூர்மையை நான் வியக்கிறேன். அதே குழிதான் ஐப்பசியில் பகையாகிறது. நிலத்தடி நீர் ஏறினால் குழியின் சுவர் கசியும். காலையில் எழுந்ததும் வீட்டுக்காரர் முதலில் குழியில் கைவிட்டுப் பார்க்கிறார். விரற்கடை அளவு நீர் என்றால் பழைய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். கணுக்கால் அளவு ஏறினால் சொம்பால் மொண்டு ஊற்ற வேண்டும். மொண்ட குழி மறுபடி ஊறும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது திருவண்ணாமலை மாவட்டம் முழுதும் கொட்டித் தீர்த்தது. மறுநாள் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து ஒரே இடத்தில் ஏழு பேர் இறந்தார்கள். அந்தத் துயரத்தின் பக்கத்தில் குழியில் நீர் நின்றதைச் சொல்வது சிறிதாகத் தோன்றும். ஆனால் அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு குழி காய நாள் கணக்கில் ஆகும். அந்த நாட்களுக்குக் கூலி கிடையாது. மழைக்கால நிவாரணம் கேட்டு நெசவாளர் சங்கங்கள் திரும்பத் திரும்பக் குரல் கொடுப்பது இதற்காகத்தான்.

தறி நின்ற நாளில் வீடு என்ன செய்கிறது? ஆண்களுக்கு அது பெரும்பாலும் ஓய்வு நாள். விரும்பி எடுத்த ஓய்வில்லை, ஆனாலும் ஓய்வுதான். திண்ணையில் தாயம் விழுகிறது. கைப்பேசியில் பழைய படம் ஓடுகிறது. சிலர் நாடாவுக்கு எண்ணெய் போடுவதும் அறுந்த கயிற்றை மாற்றுவதுமாகத் தறியைச் சுற்றியே வருகிறார்கள். பிள்ளைகளுக்குத்தான் பெரிய மாற்றம். மற்ற நாட்களில் கூடத்தில் ஓடக்கூடாது, பந்து கூடாது, கையில் எண்ணெய்ப் பலகாரம் இருந்தால் உள்ளேயே வரக்கூடாது. "தாத்தா தறியில இருக்காரு, அந்தாண்ட போயி ஆடு" என்று ஆயா சொல்லாத நாள் இல்லை. தறி நின்றதும் பாவின்மேல் பழைய வேட்டியைப் போர்த்திவிடுகிறார்கள். அதன் ஓரத்தில் பிள்ளைகள் சோழியும் பல்லாங்குழியுமாக உட்காருகிறார்கள். வீடு தங்களுடையது என்று பிள்ளைகள் உணர்வது அந்த நாட்களில்தான்.

பெண்களுக்கு அப்படி ஓர் இடைவெளி கிடைப்பதாகத் தெரியவில்லை. தறி ஓடினால் தார் சுற்ற வேண்டும், அதாவது நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் ஊடை நூலைச் சுற்ற வேண்டும், அறுந்த இழையை முடிச்சுப் போட வேண்டும். ஒரு பாவு தீர்ந்து அடுத்த பாவு வந்தால் பழைய நுனியோடு புதிய நுனியை இழை இழையாகத் திரித்துப் பிணைக்க வேண்டும். அதில் ஆயிரக்கணக்கில் இழைகள். தறி நின்றால் வீட்டிலிருக்கும் எல்லாருக்கும் மூன்று வேளையும் சுடச்சுட ஏதாவது ஆக வேண்டும், காயாத துணியைப் புரட்டிப் போட வேண்டும், குழித் தண்ணீரை மொள்ளவும் கை கொடுக்க வேண்டும். மழை ஆண்களின் வேலையை நிறுத்துகிறது. பெண்களின் வேலையை வகை மாற்றுகிறது. வீட்டு வாழ்க்கை பற்றி இந்த வீடுகள் எனக்குக் காட்டியதில் இதையே முக்கியமானதாக நினைக்கிறேன்.

கார்த்திகை தீபத்தோடு மழையின் வேகம் மெல்லத் தணிகிறது. திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலையுச்சியில் கொப்பரையில் ஏற்றும் மகாதீபத்துக்குத் திரி காடாத் துணி. நூற்றுக்கணக்கான மீட்டர் துணியை முறுக்கி, நெய்யில் ஊறவைத்து எரிக்கிறார்கள். பதினொரு நாள் எரிகிறது. வீடுகளில் அன்று அகல் விளக்கு, பொரி உருண்டை, அடை. தறிமேடை ஓரத்திலும் ஒரு விளக்கு வைப்பார்கள். பட்டுக்குப் பக்கத்தில் நெருப்பு என்பதால் யாராவது ஒருவர் அதன் அருகிலேயே உட்கார்ந்திருப்பார். எண்ணெய் தீருமுன் எடுத்துவிடுவார்.

மார்கழியில் வானம் திறக்கிறது. இதே சவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் 1960களின் இறுதியிலிருந்து இயங்குகிறது. அங்கே தொலைநோக்கி பார்ப்பவர்களுக்கும் நல்ல காலம் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகுதான், தை முதல் சித்திரை வரை. மலைமேல் அவர்கள் ஈரம் விலகக் காத்திருக்கும் அதே வாரங்களில் மலையடியில் இவர்களும் காத்திருக்கிறார்கள். வேலூரில் ஜனவரி மாதக் குறைந்த வெப்பநிலையின் சராசரி 18 டிகிரியை ஒட்டி இருக்கும். வடநாட்டுக் குளிரோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. ஆனால் ஓட்டு வீட்டில், மண்ணுக்குள் காலை வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு 18 டிகிரி குளிர்தான். வீட்டில் வெப்பமானி இல்லை. தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் இருக்கிறது. 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். காலையில் பாட்டில் வெள்ளையாக நின்றால் கை விறைக்கும், முதல் ஒரு மணி நேரம் முடிச்சு விழாது என்று பொருள்.

அந்த எண்ணெயைச் சுற்றி ஒரு நுட்பமான வீட்டு ஒழுங்கே இருக்கிறது. பனியில் விரல்நுனியும் உள்ளங்கையும் வெடிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பில்கூடப் பட்டிழை மாட்டிக்கொள்ளும். இழுத்தால் இழை பிசிறும். எண்ணெய் தடவலாம் என்றால் பட்டில் கறை. ஆகவே படுக்கப்போகும் முன், வேலையெல்லாம் முடிந்த பிறகு தடவுகிறார்கள். காலையில் பயத்தமாவு போட்டுத் தேய்த்துக் கழுவி, காய்ந்த துணியில் துடைத்து, முழங்கையில் ஒரு துண்டு இழையை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தார்க்குச்சியைத் தொடுகிறார்கள். ஒரு பெண்மணி இதைச் செய்வதை அருகிலிருந்து பார்த்தேன். இடது கட்டைவிரல் நுனியில் இழை லேசாக நின்றது. எழுந்துபோய்ச் சுவரோரம் கிடந்த செங்கல் துண்டில் விரலை இரண்டு தேய்ப்புத் தேய்த்து, கழுவி, மறுபடி ஓட்டினார். இப்போது வழுக்கிக்கொண்டு போனது. அவ்வளவுதான் என்பதுபோல் ராட்டையைச் சுற்றத் தொடங்கிவிட்டார்.

மார்கழித் தெருவுக்கு வருவோம். பாவைத் தெருவில் நீளமாக விரித்துக் கட்டி, குச்சிகள் கோத்து, இழை பிரித்து, நீர்த்த கஞ்சி தெளித்து இழுக்கும் வேலை விடியலில் நடப்பது. வெயில் ஏறிவிட்டால் கஞ்சி சட்டென்று காய்ந்து இழை முறுகும். பனிக்காலத்தில் இந்த நேரம் குறுகுகிறது. முன்னால் தொடங்கினால் பனி பாவை நனைக்கும், பின்னால் தொடங்கினால் பள்ளிப் பேருந்தும் பால்வண்டியும் வரும். அதே விடியலில், அதே தெருவில், பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார்கள். பாவுக்கும் அரிசிதான், கோலத்துக்கும் அரிசிதான். ஆரணிப் பக்கத்தில் இரண்டுக்கும் குறைவில்லை. பாவு போட வேண்டிய நாளில் கோலம் வாசற்படியோடு சுருங்கும். பாவு இல்லாத நாளில் தெருவின் பாதிவரை விரியும். பரங்கிப்பூ சொருகிய சாணப் பிள்ளையார் எந்த நாளிலும் தவறுவதில்லை.

கோலத்தைப் பொழுதுபோக்கு என்று சொல்லலாமா என்று எனக்குத் தயக்கம் இருந்தது. மார்கழி முழுக்க முந்தின இரவே நோட்டுப் புத்தகத்தில் புள்ளி வைத்துப் பழகி, பக்கத்து வீட்டுக்காரியின் கோலத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, அதைவிட இரண்டு புள்ளி கூட்டிப் போட முயலும் பெண்களைப் பார்த்தபின் தயக்கம் போய்விட்டது. விருப்பத்தோடு, போட்டியோடு, கூலி இல்லாமல், தன் பெயருக்காகச் செய்யும் ஒரு கலை இந்த வீடுகளில் பெண்களுக்கு இருக்கிறதென்றால் அது இதுதான். இதில் அறிவுழைப்பும் அதிகம். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் கோலத்தைக் கணினியியலின் பட இலக்கணங்களோடு சேர்த்து ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். சிறிய உருவத்திலிருந்து பெரிய உருவம் எந்த விதிகளால் வளர்கிறது என்பதை, வாசலில் பெண்கள் மனத்தில் வைத்திருக்கும் கணக்கைக் கொண்டே அவர்கள் எழுதிக் காட்டினார்கள். உலகக் கணினியியல் இலக்கியத்தில் கோலத்துக்கு இடம் கிடைத்தது அப்படித்தான்.

இதை நெசவுத் தெருவில் வைத்துப் பார்க்கும்போது இன்னொரு தொடர்பு தெரிகிறது. புட்டா வடிவமைப்பவர் கட்டம்போட்ட தாளில் ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்புகிறார் அல்லது விடுகிறார். ஒரு கட்டம் என்பது பாவு இழை ஊடையின் மேலா கீழா என்பதற்கான விடை. அந்தத் தாளைப் பார்த்து அட்டையில் துளை போடுகிறார்கள். பிரான்சில் ஜோசஃப் மரி ஜக்கார்டு 1804இல் கொண்டுவந்த தறிப்பொறியின் துளை அட்டைதான் பின்னால் சார்லஸ் பாபேஜின் கணக்கு இயந்திரக் கனவுக்கு வழிகாட்டியது. ஆக, ஒரே வீட்டின் வாசலில் ஒரு கணினி இலக்கணம், கூடத்தில் இன்னொன்று. இரண்டாவதற்குக் கூலி உண்டு. முதலாவதைப் போடும் பெண்களில் பலர் கட்டத்தாளைப் பார்த்த மாத்திரத்தில் எந்த இடத்தில் வடிவம் சரியாக மடங்கவில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் வடிவமைப்பு வேலைக்கு அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. இங்கே பெருந்திறமை ஒன்று வீணாகிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

மாலைகளுக்கு மொச்சை. பனி விழுந்தால்தான் மொச்சைக்கு ருசி ஏறும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. மார்கழியும் தையும் பிதுக்கம்பருப்பு மாதங்கள். காயை உரித்து, கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றாக இரு விரலிடையே அழுத்தினால் தோல் கையில் நிற்க, பருப்பு வழுக்கிக்கொண்டு ஏனத்தில் விழும். ஒரு குழம்புக்குப் போதுமான பருப்பு எடுக்க ஒருவர் உட்கார்ந்தால் இரவாகிவிடும். வீடே உட்கார்ந்தால் பேச்சோடு பேச்சாக முடிந்துவிடும். எனவே பனிக்காலத்தில் குடும்பம் முழுதும் வட்டமாக உட்காரும் வேலை இது ஒன்றுதான். தறியில் இருப்பவர்கூட வெளிச்சம் மங்கியதும் இறங்கி வருகிறார். கலியாணப் பேச்சு, சீட்டுப் பணம், முதலாளியின் பாக்கி, பேரனின் மதிப்பெண் எல்லாம் இந்த வட்டத்தில்தான் பேசி முடிவாகின்றன. குழம்பு களிக்கு அன்றிரவு, தோசைக்கு மறுநாள் காலை.  இந்தக் குழம்பை அறியாதவர்களுக்காக நான் வருந்துகிறேன்.

விடியற்காலைப் பஜனை முன்போல் இல்லை. தாளமும் ஆர்மோனியமுமாகத் தெருச் சுற்றி வந்த கூட்டம் இப்போது பல இடங்களில் கோயில் ஒலிபெருக்கியாகச் சுருங்கிவிட்டது. கூத்துக்குப் பேர்போன மாவட்டம் இது. செய்யாறு பக்கத்துப் புரிசை உலகறிந்த ஊர். ஆனால் கூத்து கோடைக்கு உரியது. பனிக்கு உரிய இசை பஜனைதான். அது தேய்வதைப் பெரியவர்கள் மனத்தாங்கலோடு சொல்கிறார்கள்.

டிசம்பர் இறுதியில் அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாட்களில் ஒரு கடினமான கேள்வி எழுகிறது. தைக் கலியாணங்களுக்கான ஆர்டர் முழுவதும் அப்போதுதான் தறியில் இருக்கும். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. ஆனால் தையில் கட்டப்போகும் சேலை மார்கழியில்தான் நெய்யப்பட வேண்டும். மழையில் போன நாட்களையும் ஈடுகட்ட வேண்டும். தார் சுற்ற ஒரு கை கூடுதலாகக் கிடைத்தால் நல்லது என்று வீடு நினைக்கும். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் துணி நெசவைக் குழந்தைகளுக்கு விலக்கிய தொழில்களில் சேர்த்தது. ஆனால் குடும்பத்தார் துணையோடு நடத்தும் தொழிற்கூடத்துக்கு விதிவிலக்கு அளித்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம், ஆபத்தான தொழில்கள் நீங்கலாக, பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் குழந்தை உதவலாம் என்கிறது. ஆரணி, காஞ்சிபுரம் வட்டாரங்களில் முன்பு குழந்தைகள் தறியில் அடைபட்டிருந்த நிலை இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. அதற்காகப் போராடியவர்களை மறக்கக்கூடாது. ஆனாலும் விடுமுறை என்ற சொல்லை அந்தத் திருத்தம் சேர்த்திருக்கும் இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. கூடத்தில் ஓடக்கூடாத பிள்ளைக்கு ஆண்டில் கிடைக்கும் சில வாரங்கள் அவை. ராட்டையைச் சுற்றக் கற்றுக்கொள்வதில் தவறில்லை, எத்தனையோ பிள்ளைகள் ஆசையாகவே கற்கிறார்கள். ஆர்டர் நெருக்கும் மாதத்தில் ஆசை எங்கே முடிகிறது, கட்டாயம் எங்கே தொடங்குகிறது என்று வீட்டுக்கு வெளியே நின்று எந்த அதிகாரியாலும் அளக்க முடியாது.

பொங்கலுக்குத் தறி நிற்கிறது. இந்த முறை விரும்பி. போகியில் உடைந்த தார்க்குச்சியும் நைந்த கயிறும் போகும். மஞ்சள் கொத்து அடுப்புப் பானையோடு நிற்காமல் தறிக்கட்டைக்கும் ஒன்று ஏறும். பிறகு தை முழுக்க இரவும் தறிச் சத்தம். கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் 2023 மார்ச் முதல் கட்டணமின்றிக் கிடைக்கிறது. முன்பு 200 யூனிட்டாக இருந்தது. மேகம் மூடிய கார்த்திகைப் பகலிலும் தை இரவிலும் விளக்கெரிய இது பேருதவி. வீட்டு வாழ்க்கையை நேரடியாகத் தொட்ட அரசு உதவி எது என்று கேட்டால் பலர் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

2019–20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாடு முழுவதும் 35 லட்சத்துக்கு மேற்பட்டோர் இத்தொழிலில் இருப்பதாகச் சொல்கிறது. பத்தில் ஏழு பேர் பெண்கள். தார் சுற்றுவதும் பாவு பிணைப்பதும் துணைத் தொழில் என்ற பெயரில் அதில் பதிவாகின்றன. அது நல்லதே. ஆனால் தறிக்கூடக் கூலி சேலைக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாக வீட்டுத்தலைவர் கைக்கு வருகிறது. அதில் எவ்வளவு மருமகளின் விரல்களுக்கு என்று எங்கும் எழுதப்படுவதில்லை. எழுதப்பட வேண்டும் என்பது என் வாதம். கூட்டுறவுச் சங்கங்களாவது கூலிச் சீட்டில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கலாம்.

அதைவிட அவசரமானது தரை. தேசியக் கைத்தறி வளர்ச்சித் திட்டத்தில் தனிநபர் தறிக்கூடம் கட்ட 1.20 லட்சம் ரூபாய் அலகுச் செலவாக வகுத்திருக்கிறார்கள். தறியை வீட்டிலிருந்து பிரித்துத் தனிக் கொட்டகையில் வைத்தால் பிள்ளைகளுக்குக் கூடம் கிடைக்கும், ஈரத்துணிக்குக் கொடி கிடைக்கும். ஆனால் மலையடி ஊர்களில் கொட்டகையின் தரையைத் தெருமட்டத்திலிருந்து இரண்டு மூன்று அடி உயர்த்தாவிட்டால் ஐப்பசி நீர் அங்கேயும் வரும். தரையை உயர்த்தி, குழிக்கு உள்ளே சிமெண்ட் பூசி, கால்தொங்கும் ஆழத்தை மேடையிலேயே எடுத்துக்கொள்ளும் மேட்டுக் குழித்தறிகள் சில இடங்களில் வந்திருக்கின்றன. மண்ணுக்கும் செங்கல்லுக்கும் ஆகும் கூடுதல் செலவுதான் பலரைத் தடுக்கிறது.

அந்தச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இந்த வீடுகளின் இன்றைய மாற்றம் இருக்கிறது. செய்யாறு சிப்காட்டில் காலணித் தொழிற்சாலைகள் வந்தபின் மாவட்டம் முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். மழை பெய்தாலும் மாதச் சம்பளம் வரும், வருங்கால வைப்புநிதி பிடித்தம் உண்டு, இ.எஸ்.ஐ. அட்டை உண்டு. விடியலில் கம்பெனிப் பேருந்து ஏறும் பெண்ணுக்கு மார்கழிக் கோலம் முந்தின இரவே போட வேண்டியதாகிவிடுகிறது. மொச்சை வட்டத்தில் அவளுடைய இடம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிரம்புகிறது. தார் சுற்ற வீட்டில் மோட்டார் வைத்த ராட்டை வந்திருக்கிறது, அல்லது வெளியில் கூலி கொடுத்துச் சுற்றி வாங்குகிறார்கள். இதை இழப்பு என்று மட்டும் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நான் போன ஒரு வீட்டில் மருமகளின் தொழிற்சாலைச் சம்பளத்தைச் சேர்த்துவைத்துத்தான் தறிக்கூடத்தின் தரையை மூன்றடி உயர்த்தியிருந்தார்கள். அதற்கடுத்த ஐப்பசியில் குழியில் நீர் ஊறவில்லை. மாமனார் கார்த்திகை முழுவதும் நெய்தார். சுற்றிய தாரை வெளியில் வாங்கிய செலவு போக, முந்தைய ஆண்டைவிட இரண்டு சேலைக் கூலி அதிகம் வந்ததாக மாமியார் கணக்குச் சொன்னார்.